கட்டங்கள் வளைந்த மதியம்

இதை நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது நடந்ததுதான். பேய்க் கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம். கதவு கிறீச்சிட்டால் பேய், பல்பு விட்டுவிட்டு எரிந்தால் பேய். கதவுக்கு எண்ணெய் விடவும் பல்பை மாற்றவும் சோம்பேறித்தனப்படுகிறவர்கள் வீட்டுக்குத்தான் பேயும் தேடி வருகிறது போலும்.

டிரோன் பறக்கவிட்டு, கட்டடங்களில் விழும் விரிசல்களைப் படமெடுத்து அளப்பது என் தொழில். அந்தத் திங்கட்கிழமை ஒரு பழைய பாலத்தை அளக்க வேண்டும். பள்ளி பஸ்கள் போகும் பாலம். போகலாமா கூடாதா என்பதை என் படங்களை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அந்த நேரம் பார்த்து என் டிரோன் மழையில் நனைந்து படுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் மச்சானிடம் கேட்டேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. கல்யாணங்களில் டிரோன் விடுகிறவன். வீட்டில் அவனுக்கு 'டைரக்டர்' என்று பட்டப்பெயர். அது பாராட்டு இல்லை என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியாது. படம் சாய்ந்து வந்தால் காற்று சரியில்லை என்பான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

"நல்லா இருக்காடா?" என்று கேட்டேன்.

"சூப்பரா இருக்கு மாமா. போன வாரம்கூடப் பறக்கவிட்டேன்" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். அவன் எதைச் சொன்னாலும் அப்படித்தான் சொல்வான்.

அவன் பேச்சை நம்பிப் பாலத்துக்குப் போக நான் முட்டாள் இல்லை. ஞாயிறு மதியமே அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். மூன்றாவது மாடி, மீட்டிங் அறை. வேறு ஆள் இல்லை. பட்டப்பகல். ஜன்னல் நிறைய வெயில். மேசையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது. டிரோனின் இறக்கைகளைக் கழற்றிவிட்டு மேசைமேல் வைத்தேன். எதிர்ச் சுவரில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பெரிய அட்டையை ஒட்டினேன். லென்ஸ் ஒழுங்காக இருந்தால் கட்டங்கள் நேராக வரும். ஓரத்தில் கொஞ்சம் வளையும். அதுவும் இரண்டு பக்கமும் ஒரே அளவில்.

முதலில் கிம்பலைச் சோதித்தேன். டிரோன் எப்படிச் சாய்ந்தாலும் கேமராவை மட்டமாகவே வைத்திருக்கும் சின்ன மோட்டர்கள்தான் கிம்பல். பவரைப் போட்டு டிரோனைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் சாய்த்தேன். கேமரா துளியும் அசையவில்லை. வழக்கமாக மோட்டர் மெல்ல முனகும். இதில் சத்தமே இல்லை. டைரக்டர் தெரியாத்தனமாக ஒரு நல்ல பொருளை வாங்கியிருக்கிறான் என்று நினைத்தேன்.

அடுத்தது லென்ஸ். முதல் படம் எடுத்தேன்.

ஓரங்கள் சரி. ஆனால் அட்டையின் இடது பக்கம், ஒரே ஓர் இடத்தில், கோடுகள் புடைத்திருந்தன. துணிக்கு அடியில் எதையோ வைத்த மாதிரி.

கைரேகையாக இருக்கும். மச்சான் சோற்றுக் கையோடு லென்ஸைத் தொடுகிற ஜாதி. துடைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். புடைப்பு அங்கேயே இருந்தது.

டிரோனைச் சற்றுத் திருப்பி வைத்தேன். லென்ஸில் குறை என்றால், படத்தில் புடைப்பு விழும் இடம் மாறக் கூடாது. மாறியது. அட்டையில்தான் அது அதே இடத்தில் நின்றது.

அதாவது... வளைவு லென்ஸில் இல்லை. அறையில் இருந்தது.

எழுந்து போய் அட்டையைத் தடவினேன். தட்டையாக இருந்தது. செல்போனில் படம் எடுத்தேன். கோடுகள் நூல் பிடித்த மாதிரி நேராக வந்தன.

திரும்பி வந்து டிரோனில் அடுத்த படம். புடைப்பு பெரிதாகியிருந்தது. மேலே குறுகல், கீழே அகலம். தலையும் தோளும் மாதிரி.

மச்சானுக்குப் போன் போட்டேன்.

"இதை வச்சு என்னடா பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலையே மாமா... ஏன், வேலை செய்யுதா?"

என்ன கேள்வி அது? எரிச்சலில் போனை வைத்தேன்.

அடுத்த படம். அட்டை முழுவதும் வளைந்து கிடந்தது. அது பெரிதாகவில்லை...

பக்கத்தில் வந்திருந்தது.

இன்னொன்று எடுத்தேன்.

கோடுகள் எல்லாம் நேர்.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். பாதி மூச்சில் புரிந்தது. இப்போது அது கேமராவுக்கு முன்னால் இல்லை.

அப்படியென்றால்...

நான் ரிமோட்டைத் தொடவில்லை. கேமரா மெதுவாகத் திரும்பியது.

சத்தமில்லாமல்.

என் பக்கம்.

ரிமோட் திரையில் என் முகம் தெரிந்தது. பின்னால் புத்தக அலமாரி. அதன் தட்டுகள், என் இடது தோளுக்கு மேலே மட்டும்...

வளைந்திருந்தன.

எப்படி மாடி இறங்கினேன் என்று தெரியாது. தெருவில் நின்றபோது காலில் ஒரு செருப்புதான் இருந்தது.

பாலத்தை வேறொருவரின் டிரோனை வைத்து அளந்து முடித்தேன். மச்சானுடையதை ஆபீஸ் பையனை விட்டு எடுக்கச் சொல்லி, சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். நாலைந்து நாள் கழித்து அங்கிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். குரலிலேயே ஏளனம்.

"என்ன சார், கல்லு மேல போட்டீங்களா? கிம்பல் மோட்டர் மூணும் எரிஞ்சு கிடக்கு. துரு ஏறியிருக்கு. விழுந்து ரொம்ப மாசம் இருக்கும். பவர் போட்டாலும் கேமரா தலையைத் தொங்கப் போட்டுட்டுத்தான் கிடக்கும்."

பிறகு மச்சானை உலுக்கியதில் ஒப்புக்கொண்டான். ஏதோ கல்யாணத்தில் மொட்டை மாடியிலிருந்து விழுந்ததாம். நான் கேலி செய்வேன் என்று மறைத்தானாம்.

ஆனால் அன்று போனில் அந்தப் பெண்ணை நான் விடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அதே கேமராவில் மட்டமாகப் படம் எடுத்தேன், கார்டில் இருக்கிறது, பாருங்கள் என்றேன். அவள் சலித்துக்கொண்டே போனைக் கீழே வைத்தது கேட்டது. வெகுநேரம் கழித்து மறுபடி எடுத்தாள். குரலில் ஏளனம் இல்லை.

"எல்லாப் படமும் மட்டமாதான் இருக்கு. ஆனா இது கிம்பல் பிடிச்சது இல்ல சார். யாரோ கேமராவைக் கையில பிடிச்சிருந்திருக்காங்க."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"யாரு சார் அது? கொஞ்சம்கூடக் கை நடுங்கலையே."