பதினோரு நிமிட மோட்டார்

ஆண்டனி அங்கிள் வீட்டுக்குப் போனால் அவர் முதலில் பார்ப்பது உங்கள் முகத்தை அல்ல, கையை. கை காலி என்றால் பையை. பையும் காலி என்றால் இன்னும் மோசம். "இன்னாத்துக்கு வந்த?" என்று கேட்டு, பதில் சொல்லி முடிக்கும்வரை வாசலிலேயே நிற்கவைப்பார்.

கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருஷம் அவருக்குப் பரிசோதகர் வேலை. ஒருவர் செய்து அனுப்பும் பெட்டியை இன்னொருவர் திறந்து பார்த்து, மூடி, காகிதச் சீல் ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இன்னொருவர் இவர். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் கை நிற்கவில்லை. காஸ் ரெகுலேட்டரில் சீல், ஊறுகாய் ஜாடியில் சீல், டிவி ரிமோட்டின் பேட்டரி மூடியில் சீல். ஒவ்வொன்றிலும் தேதி, கீழே கையெழுத்து. மனைவி இறந்தபின் அவர் புடவைகள் இருந்த அலமாரிக்கும் ஒன்று ஒட்டினார். மற்ற சீல்களெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவை மாறும். அலமாரியில் இருப்பது ஐந்து வருஷமாக அதே தேதி. நான் கேலி செய்யாமல் விட்டது அது ஒன்றைத்தான்.

நான் சுப்ரஜா. அவர் வீட்டுக்கு நேர் மேல் வீடு. பத்தாவதில் அறிவியலும் கணக்கும் போய்விட்டதால் எனக்கு நேரம் நிறைய. அந்த நேரத்தை ஆற்றங்கரைப் படிக்கட்டில் செலவழித்தேன். அங்கேதான் அங்கிளின் படகு இருந்தது.

தாபோடிப் பக்கம் முளா ஆற்றை ஆகாயத்தாமரை மூடிக்கொண்டால் அதை வாரி எடுக்கும் வேலையை மாநகராட்சி ஒரு ஒப்பந்தக்காரரிடம் கொடுத்திருந்தது. ஒப்பந்தக்காரரிடம் இருந்தது ஒரு ஃபைபர் படகும் அதன் பின்னால் தொங்கும் ஒரு மோட்டாரும். மோட்டார் என்னைவிடப் பத்து வயது மூத்தது. படகை ஓட்டுவது அங்கிள். முன்னால் நின்று கொக்கியால் தாமரையை இழுப்பது ரஃபீக் பாய். அவர் ஆம்பூர்க்காரர். கோந்த்வாவிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவார்.

மோட்டாருக்கு வராத நோய் இல்லை. இழுக்கும் கயிறு அறுந்தது. அங்கிள் வேறு கயிறு கோத்தார். தண்ணீர் இறைக்கும் ரப்பர் இறக்கை தேய்ந்து, மோட்டார் கொதித்துப் புகைந்தது. எங்கிருந்தோ ஒரு பழைய இறக்கையைத் தேடிப் பிடித்து மாட்டினார். ப்ளக்கில் கரி அடைத்தால் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்ப்பார். மோட்டாரிடம் ஹிந்தியில்தான் பேசுவார். "சல் பேட்டா, சல்." கிளம்பு மகனே, கிளம்பு என்று. தமிழில் திட்டுவதெல்லாம் எங்களை மட்டும். ஒவ்வொரு கோளாறுக்கும் அவரிடம் ஒரு குற்றவாளி இருந்தான். கயிற்றை அறுத்தது யார்? இறக்கையைத் தேய்த்தது யார்?

"தானா தேயும் அண்ணே, ரப்பர்தான?" என்பார் ரஃபீக் பாய்.

"தானா ஒண்ணும் ஆவாது. எவனோ பண்றான்."

சந்தேகப் பட்டியலில் எனக்கு நிரந்தர இடம். அது நியாயம்தான். மார்ச் மாதம் நான் மராத்தியில் ஒரு நோட்டீஸ் எழுதிப் படகில் ஒட்டியிருந்தேன். திங்கள் காலை பத்து மணிக்கு இந்தப் படகு ஏலம் விடப்படும் என்று. நான் நினைத்தது, அவர் கத்துவார், சிரிக்கலாம் என்று. அவர் கத்தவில்லை. திங்கட்கிழமை இஸ்திரி போட்ட சட்டையுடன் ஒன்பதரைக்கே வந்து, மோட்டாரைத் துடைத்துவிட்டு, படகுக்குள் உட்கார்ந்திருந்தார். பதினொன்றரை வரை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் நான்தான் என்று அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

இந்த ஆகஸ்டில் ஒருநாள் காலை மோட்டார் கிளம்பவே இல்லை. அங்கிள் பெட்ரோல் டாங்கியிலிருந்து கொஞ்சம் கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். அடியில் தண்ணீர் தனியாக நின்றது. முந்தின ராத்திரி முழுக்க மழை. டாங்கி மூடியில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு விரிசல். வேறு யாராக இருந்தாலும் இரண்டையும் சேர்த்துப் பார்த்திருப்பார்கள்.

"தண்ணி ஊத்திருக்கா," என்றார் அங்கிள், படிக்கட்டில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தபடி.

டாங்கியைக் கழுவினார். பழைய மூடியைத் தூக்கிப்போட்டுப் புது மூடி வாங்கினார். புது மூடியின் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அதைத் தடவிப் பார்த்தார். "இது இன்னாத்துக்கு? சிரிஞ்ச் வச்சி எறக்கறதுக்கா?" என்று அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினார். மூடியைச் சுற்றி டேப். அதற்கு மேல் காகிதச் சீல், தேதி, கையெழுத்து. இனி எவனும் தொட முடியாது.

அன்றிலிருந்து மோட்டாருக்குப் புதிய நோய். ஜோராகக் கிளம்பும். நடு ஆற்றுக்குப் போனதும் இருமி இருமி நின்றுவிடும். துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்ததும் அங்கிள் சீலைச் சோதிப்பார், முழுசாக இருக்கும். அதை அறுத்து, மூடியைத் திறந்து, மோந்து, பாட்டிலில் எடுத்துப் பார்ப்பார். ஒரு பொட்டுத் தண்ணீர் இருக்காது. மறுபடி டேப், சீல், கையெழுத்து. கயிற்றை இழுத்தால் முதல் இழுப்பிலேயே கிளம்பும். கொஞ்ச நேரத்தில் மறுபடி நிற்கும்.

கிளம்பி எத்தனையாவது நிமிஷத்தில் நிற்கிறது என்று நான் வேடிக்கைக்காகக் குறித்தேன், கையில், பால்பாயிண்டால். பதினொன்று, பன்னிரண்டு, பதினொன்று, பதினொன்று. அவ்வளவு ஒழுங்காக நான் எதையுமே செய்ததில்லை.

"சீல் ஒடையல. ஆனா நிக்குது," என்றார் அங்கிள் ரஃபீக் பாயிடம். "அப்ப, இன்னா அர்த்தம்?"

"என்ன அர்த்தம்?"

"கூடவே இருக்கறவன் வேல."

"அண்ணே, நான் முன்னாடி நிக்கறேன். டாங்கி உங்க காலுக்குக் கீழ இருக்கு!"

"அதான் சொல்றேன். நீ எப்டிப் பண்றன்னுதான் புரியல."

ரஃபீக் பாய் அன்று மதிய டப்பாவை என் பக்கத்தில் படிக்கட்டில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் கோகரே சாஹேப் ஒரு புதன்கிழமை பைக்கில் வந்தபோதும் படகு நடு ஆற்றில் தாமரைக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. ரஃபீக் பாய் துடுப்புப் போட்டுக் கரை சேர்த்தார்.

"காய் காகா, புன்ஹா பந்த்?" என்றார் கோகரே. என்ன பெரியவரே, மறுபடியும் நின்றுவிட்டதா என்று. அடுத்த வாரம் கணபதி கரைப்பு. அன்று முழுக்க இந்தப் படகு படித்துறையில் காவலுக்கு நிற்க வேண்டும். யாராவது தண்ணீரில் விழுந்தால் இதுதான் போக வேண்டும். வெள்ளிக்கிழமை காலை சோதனை ஓட்டம். அரை மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். நின்றால் மோட்டார் காயலான் கடைக்கு, காகா வீட்டுக்கு. அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வீட்டுக்கு என்றால் எந்த வீட்டுக்கு என்று எனக்குத் தெரியும். அங்கிளின் மகன் பாஸ்கர் கோந்த்வாவில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறான். 'வேலையை விட்டதும் இங்கே வந்துவிடுங்கள், கட்கி வீட்டைக் காலி பண்ணிவிடலாம்' என்று அவன் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வேலை இருக்கு, வேலை இருக்கு என்று இவர் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். காலி பண்ணினால் அந்த அலமாரியைத் திறக்க வேண்டும்.

மறுநாள் நான் அங்கே இல்லை. பத்தாவது மறுபடி எழுத விண்ணப்பம் நிரப்ப அம்மா இழுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் ரஃபீக் பாயைப் பார்த்தேன்.

"இன்னிக்கி முக்கா மணி நேரம் நிக்காம ஓடுச்சு," என்றார். "அண்ணன் என்ன சொல்றாரு தெரியுமா? அந்தப் பொண்ணு இன்னிக்கி வரல, பாத்தியான்றாரு."

"நான் படிக்கட்டுல உக்காந்து மந்திரம் போடறேனாமா?"

"என்னைய விட்டுட்டாரு, அது போதும் எனக்கு. நாளைக்கி மட்டும் ஓடணும். புது டேப்பு வேற வாங்கிட்டுப் போயிருக்காரு."

"ஏன், பழசு?"

"தீந்துபோச்சு. இன்னிக்கி சும்மா மூடி வச்சிதான் ஓட்டுனோம்."

அவர் பஸ்ஸில் ஏறிவிட்டார். நான் நிறுத்தத்தில் மாம்பழ ஜூஸ் டப்பாவை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். டப்பா பக்கவாட்டில் ஒடுங்கிக்கொண்டது. அதற்குமேல் ஜூஸ் வரவில்லை. வாயை எடுத்தேன். புஸ்ஸென்று காற்று உள்ளே போய் டப்பா நிமிர்ந்தது. மறுபடி உறிஞ்சினேன், வந்தது.

டாங்கி அப்படி ஒடுங்கியிருந்ததை நான் பார்த்திருந்தேன். அங்கிள் சீலை அறுக்கும்போதெல்லாம் அதே புஸ் சத்தம் கேட்டிருக்கிறேன். பெட்ரோல் வெளியே போனால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். இத்தனை வருஷம் பழைய மூடியின் விரிசல் வழியாக வந்துகொண்டிருந்தது. புது மூடியில் ஓட்டை விட்டிருந்ததும் அதற்குத்தான். இப்போது அங்கிள் காற்றுக்கும் சீல் வைத்துவிட்டார். அறிவியலில் எனக்குப் பதினெட்டு மார்க்.

நேரே அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். வாசலில் நின்றபடிதான்.

"சீல்தான் காரணம் அங்கிள். நாளைக்கி டேப் ஒட்டாதீங்க."

அவர் என் கையைப் பார்த்தார். காலி. முகத்தைப் பார்த்தார்.

"ஏலம் எத்தினி மணிக்கி?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு அவர் டீக்கடைக்குப் போன சமயம் பார்த்துப் படகில் இறங்கினேன். டாங்கியில் புது டேப், புதுச் சீல், அன்றைய தேதி. துப்பட்டாவிலிருந்த ஊக்கைக் கழற்றி மூடியின் நடுவில், கையெழுத்தின் வால் முடியும் இடத்தில், குத்தினேன். சின்னதாக ஒரு டப் சத்தம். நிமிர்ந்தால், டீ கிளாஸோடு அங்கிள். பின்னால் ரஃபீக் பாய்.

"கைல இன்னா?"

"ஊக்கு."

"இன்னா பண்ண?"

"சீல்ல ஓட்டை போட்டேன்."

முதல் கேள்விக்கே உண்மையைச் சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அங்கிள் பையிலிருந்து டேப்பை எடுத்து நகத்தால் நுனியைத் தேடினார். நுனி கிடைக்கவில்லை.

"அண்ணே, பைக் சத்தம். கோகரே வராரு," என்றார் ரஃபீக் பாய். "நேத்து டேப் இல்லாமதான அண்ணே ஓடுச்சு?"

"நேத்து இவ இல்லாமதான் ஓடுச்சு."

"அங்கிள், நின்னுச்சுன்னா எல்லாம் நான்தான் பண்ணேன்னு கோகரேகிட்டயே சொல்றேன். எழுதியே தரேன். தண்ணி ஊத்துனதும் நான்தான்னு."

"ஊத்தினது நீதானா?"

"இல்ல."

"அப்ப எப்டி எழுதுவ?"

"பொய்தான? எனக்கு வராதா?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சீல் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். 'மோட்டார் நின்றால் காரணம் நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கீழே தேதி போடச் சொன்னார். போட்டேன். மடித்து வைத்துக்கொண்டார். டேப்பைக் கீழே வைத்தார்.

"ஏறு. டாங்கி பக்கத்துல ஒக்காரு. கை ரெண்டும் எனக்குத் தெரியணும்."

கோகரே கரையில் நின்று போனில் நேரத்தைத் தட்டினார். "சல் பேட்டா," என்று அங்கிள் கயிற்றை இழுத்தார். கிளம்பியது. பாலம்வரை போய்த் திரும்பினோம். எட்டு நிமிஷம். அங்கிள் ஆற்றைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தையும் என் கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பத்து. ரஃபீக் பாய் கொக்கியை விட்டுவிட்டுத் துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பதினொன்று. மோட்டார் ஒரு தடவை செருமியது. கழிவுப் பிளாஸ்டிக் ஒன்று தண்ணீருக்கடியில் சுழலும் விசிறியில் பட்டு விலகிப்போனது, அவ்வளவுதான். பன்னிரண்டு. பதிமூன்று. பதினைந்தாவது நிமிஷத்தில் அங்கிள் குனிந்து, அந்த ஊசி ஓட்டைக்கு நேரே காதை வைத்தார். காற்று உள்ளே போகும் சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

அரை மணி முடிந்ததும் கோகரே கட்டை விரலைக் காட்டிவிட்டுப் பைக்கைக் கிளப்பினார். கரையில் இறங்கும்போது அங்கிள் கேட்டார்.

"ஒனக்கு எப்டித் தெரியும்?"

"ஜூஸ் டப்பால பாத்தேன்."

"பொய்."

ரஃபீக் பாய் சிரித்துச் சிரித்துத் துடுப்பைத் தண்ணீரில் விட்டுவிட்டார். அதைப் பிடிக்க மறுபடி படகை எடுக்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை காலை கீழிருந்து குரல் வந்தது. "ஏய் பொண்ணு! ஊக்க எடுத்துகினு வா!" படகில் டாங்கிக்குப் புது டேப் ஒட்டி வைத்திருந்தார். குத்து என்றார்.

"நீங்களே குத்திக்கலாமே அங்கிள்?"

"செய்யறவன் ஒருத்தன், பாக்கறவன் ஒருத்தன். ரெண்டும் ஒரே ஆளு பண்ணா அது செக்கிங்கா?"

குத்தினேன். ஊக்கை வாங்கிப் பார்த்து, முனை உடையவில்லை என்று தெரிந்தபின் திருப்பிக் கொடுத்தார். ஓட்டையைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் கையெழுத்து. அதிலிருந்து தினமும் அப்படித்தான். நான் எழுதிக் கொடுத்த காகிதத்தை மட்டும் அவர் கிழிக்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை.

கணபதி கரைப்பு அன்று மத்தியானம், படித்துறையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம், மோட்டார் சட்டென்று நின்றது. அங்கிள் முதலில் என்னைத்தான் பார்த்தார். படிக்கட்டிலிருந்தே இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன். மோட்டாரைச் சாய்த்துத் தூக்கினார். விசிறியில் ஒரு பெரிய சாமந்தி மாலை சுற்றிக்கொண்டிருந்தது. அதைக் கத்தியால் அறுத்தெடுத்து, தூக்கி எறியாமல், பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, வாயைச் சுருட்டி, டேப் ஒட்டித் தேதி போட்டார்.

"எவன் போட்டான்னு பாக்கணும்," என்று கூட்டம் முழுவதையும் ஒரு தடவை நிதானமாகப் பார்த்துவிட்டு, கயிற்றை இழுத்தார்.