செருப்பில்லாமல் காரில் ஒரு கிரிவலம்

சென்னையிலிருந்து அக்கா குடும்பம் வந்திருக்கிறது. இன்று காலை காரிலேயே கிரிவலம்.

கிளம்பும்போதே மாமா, "எல்லாரும் செருப்ப வீட்லயே விட்டுடுங்க. மலைய சுத்துறப்போ போடக்கூடாது" என்றார்.

பாதி வழியில் அக்கா குழந்தையின் டயப்பரைக் கழற்றிச் சுருட்டி, வலப்பக்க ஜன்னலை இறக்கினாள்.

வண்டி ஓட்டிய மாமா பதறினார். "ஐயோ, மலை பக்கம் போடாத, பாவம்! அந்தப் பக்கம் போடு."

போட்டாள். வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்த ஒரு அம்மாவின் காலடியில் விழுந்தது.

வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"இங்க எந்த லிங்கம்?" என்று கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார் மாமா.

இறங்கிப்போய் அதை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். "கைய கழுவிட்டு ஏறு, கிரிவலம் போறோம்ல" என்றாள் அக்கா.

ஏறவில்லை. மீதியை நடந்தே வந்தேன், வெறுங்காலில் எதை மிதிப்பேனோ என்று தரையை மட்டும் பார்த்துக்கொண்டு.

மலையைப் பார்த்தபடி கிரிவலம் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.