ஆமை தரையில் இருந்த பதினொரு நாட்கள்

நான் வேலை செய்கிற இடத்தில் என்னைக் கோப்பிப் பானை தூக்க விடமாட்டார்கள். ஜேர்மனியில், ஆற்றங்கரை நகரமொன்றில் இருக்கிற பெரிய மாநாட்டு மண்டபம் அது. அதன் சமையலறையில், எங்கள் பேச்சில் குசினியில், ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். ஒரு கலியாண வீட்டுக்குக் காணக்கூடிய கோப்பியை ஒரே பானையில் ஊற்றி, இரண்டு பக்கமும் கைபிடி வைத்திருப்பார்கள். அதில் நான் கை வைத்தால் போதும், குசினிப் பொறுப்பாளர் பெக்கர் அம்மா எங்கிருந்தோ ஓடி வருவார். "டைன ஹன்ட்!" என்று சத்தம் போடுவார். உன்னுடைய கை, என்று அர்த்தம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், முழங்கால் நோவுக்காரி, பானையை என்னிடமிருந்து பறித்துத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் போவார். குளிர் தொடங்கினால் இழுபடுகிற துணிப்பட்டி ஒன்றை வாங்கி வந்து என் வலது மணிக்கட்டில் தானே சுற்றிவிடுவார். என் மணிக்கட்டுக்கு ஒரு குறையும் இல்லை. இதை எழுதுவதும் அந்தக் கையால்தான்.

ஊரிலிருந்து வாசிக்கிறவர்கள் சிரிக்கலாம். என்னைப்போல் வந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். அவர்களில் பலரிடம், ஏதோ ஓர் அகதிக் கந்தோரின் அலுமாரிக்குள், தங்களுடையதல்லாத ஒரு பிறந்த திகதியோ ஒரு தழும்போ ஒரு செத்துப்போன மாமாவோ இருக்கும். அதைப்பற்றி நாங்கள் ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. நானும் கதைத்திருக்கமாட்டேன். சென்ற வருடம் ஓர் ஆமை வந்து கதைக்க வைத்துவிட்டது. என் பெயரை மட்டும் போடாமல் விடுகிறேன். அந்தளவுக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

சென்ற ஐப்பசியில் எங்கள் மண்டபத்தில் ஒரு மாநாடு நடந்தது. காட்டிலும் கடலிலும் உள்ள உயிர்கள் அழியாமல் காப்பது எப்படி என்று பேச உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆராய்ச்சிக்காரர் வந்திருந்தார்கள். பல்வைத்தியர்கள், காப்புறுதிக்காரர்கள் என்று எத்தனையோ மாநாடுகளுக்குக் கோப்பி ஊற்றியிருக்கிறேன். இவர்கள் வேறு சாதி மனிதர்கள். பிளாஸ்ரிக் கரண்டி கண்ணில் காட்டக்கூடாது. மீன் வைத்தால், அது எந்தக் கடலில் எந்த வலையால் பிடித்தது என்று ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் மட்டையில் எழுதி வைக்க வேண்டும். நான் அந்த மட்டைகளை ஒவ்வொன்றாக நிறுத்தி வைத்துக்கொண்டு எங்கள் வீட்டை நினைத்தேன். இது எந்தக் கடல் மீன் என்று கேட்டிருந்தால் அம்மா அகப்பைக் காம்பால் வாசலுக்கு வெளியே காட்டியிருப்பா.

இரண்டாம் நாள் இடைவேளைக்குக் கோப்பி வண்டிலைத் தள்ளிக்கொண்டு நடைகூடத்தால் போனேன். சுவர் நீளத்துக்கும் படங்களும் எழுத்துமாகப் பெரிய தாள்கள் ஒட்டியிருந்தன. ஒன்றில் இந்து சமுத்திரம். நடுக்கடலில் ஒரு சின்னத் தீவிலிருந்து சிவப்புக் கோடு ஒன்று புறப்பட்டு, இலங்கையைச் சுற்றி, நெடுந்தீவுக்கு மேலால் வளைந்து, அனலைதீவில் போய் முட்டியது. ஊர்ப் பெயர் எதுவும் படத்தில் இல்லை. ஆனால் பிறந்த கரையின் வளைவு கண்ணுக்குத் தெரியாமல் போகுமா? அதற்கு மேல் கோடு இல்லை, புள்ளிகள். ஒரு புள்ளி எங்கள் இறங்குதுறையில். பிறகு எல்லாம் ஊர்காவற்றுறைப் பக்கம், தரைக்கு மேல், ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

தாளுக்குப் பக்கத்தில் நின்ற பெண் எலினா. முப்பது வயது இருக்கும், நல்ல சிரித்த முகம். நான் வண்டிலை விட்டுவிட்டுப் பார்ப்பதைக் கண்டு, ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினாள். எத்தனையோ வருடத்துக்கு முதல், அந்த நடுக்கடல் தீவில் முட்டையிட வந்த பச்சை ஆமையொன்றின் ஓட்டில் ஒரு சின்னப் பெட்டியை ஒட்டிவிட்டார்களாம். வானத்தில் சுற்றுகிற செய்மதிக்கு அது தான் நிற்கிற இடத்தைச் சொல்லிக்கொண்டேயிருக்கும். ஆமைக்கு முட்டையிட ஒரு நாடு, மேய ஒரு நாடு. எங்கள் பக்கத்துச் சாதாளைப் புல்லை மேயத்தான் அவ்வளவு தூரம் வந்தது. "வந்து சேர்ந்த பிறகு பதினொரு நாள் தரையில் இருந்திருக்கிறாள். ஆமை தரையில் என்ன செய்யும்? எங்கள் பேராசிரியருக்கு இதுவரைக்கும் பதில் கிடைக்கவில்லை" என்றாள். அந்தப் பதினொரு நாளும் தரையில் இருந்தது ஆமை அல்ல.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. என் அண்ணை அன்ரன் அனலைதீவில் கடற்றொழில் செய்துகொண்டிருந்தார். நான் கடற்றொழிலாளர் சங்கத்தில் எழுதுவினைஞன். வீட்டில் இங்கிலீசு வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள். ஒரு விடியற்காலை அண்ணையின் திருக்கை வலையில் ஆமை பட்டது. வலையில் பட்ட ஆமையை எங்கள் ஒழுங்கையில் விற்பதில்லை, வீட்டுக்கு வீடு பங்கு போடுவதுதான் வழக்கம். பூவரசுக்குக் கீழே கட்டிப் போட்டிருந்தது. பங்குக்குச் சட்டியோடு வந்தவர்கள் எல்லாரும் எட்டத்தில் நின்றார்கள். ஆமையின் ஓட்டில் ஒரு பெட்டி ஒட்டியிருந்தது, அதிலிருந்து ஒரு கம்பி நீட்டிக்கொண்டு நின்றது. அந்த யுத்த காலத்தில் கம்பி நீட்டிய பெட்டி என்றால் ஒன்று வெடிக்கும், அல்லது ஆளைக் கொண்டுபோகும்.

நான் கிட்டப் போய் அதில் இருந்த எழுத்தை வாசித்தேன். ஆராய்ச்சிக்கானது, தீங்கில்லை, கண்டெடுத்தவர் தயவுசெய்து அறிவிக்கவும். பூசையில் வாசகம் வாசிக்கிற மாதிரி நீட்டி நிமிர்த்தி வாசித்தேன். சனம் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குத் தலை கொஞ்சம் பெருத்துவிட்டது. அண்ணை பெட்டியைக் கத்தியால் கிளப்பி எடுத்தார்.

"கல்லைக் கட்டித் தாட்டுவம். கடலில வந்தது கடலோட போகட்டும்" என்றார்.

"அதென்ன விசர்க் கதை அண்ணை? வடிவா எழுதிக் கிடக்கு. ஒளிச்சு வைச்சு ஆரும் கண்டால்தான் கரைச்சல். இறங்குதுறை நேவிக் காவலரணில குடுத்தால் அவங்கள் விளங்கிக்கொள்ளுவாங்கள்."

"அப்ப நீ கொண்டுபோய்க் குடன். உனக்குத்தானே இங்கிலீசு தெரியும்."

"என்னை மாதிரி இளந்தாரி போனால் சந்தேகப்படுவாங்கள். உங்களிட்டை கடலுக்குப் போற பாஸ் கிடக்கு. நான் கடிதம் எழுதித் தாறன்."

எழுதிக் கொடுத்தேன். பிழையில்லாத இங்கிலீசு, அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. அண்ணை தோய்ச்ச சேட்டைப் போட்டு, பெட்டியைத் துவாயில் சுற்றிக்கொண்டு போனார். அன்று மத்தியானம் நான் ஆமைக் கறியோடு சோறு சாப்பிட்டேன். பின்னேரம் அண்ணையைப் பெட்டியோடு வள்ளத்தில் ஏற்றி அக்கரையில் ஊர்காவற்றுறை நேவி முகாமுக்குக் கொண்டுபோனதாகச் செய்தி வந்தது. அன்றிரவே நான் புங்குடுதீவுக்குக் கடந்து, இறுப்பிட்டியில் பெரியம்மா வீட்டுக்குள் போய் இருந்துவிட்டேன். அம்மாதான் ஒவ்வொரு நாளும் முகாம் வாசலில் போய் நின்றா.

பன்னிரண்டாம் நாள் அண்ணை வந்தார். வலது கை மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. நான் ஒரு வாரம் கழித்துத்தான் முகத்தைக் காட்டினேன். அவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. "கடிதம் எழுதினது ஆர் எண்டு கேட்டாங்கள். நான்தான் எண்டன். அப்ப எழுதிக் காட்டு எண்டாங்கள்" என்றார். அண்ணை ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்.

அடுத்த வருடம் நான் ஜேர்மனிக்கு வந்தேன். அகதி விசாரணையில் உனக்கு என்ன நடந்தது என்று கேட்டார்கள். எனக்கு என்ன நடந்தது? பெரியம்மா வீட்டில் சாப்பிட்டுப் படுத்திருந்தேன். அதைச் சொல்லவா முடியும்? பெட்டியைக் கொண்டுபோனது நான், பதினொரு நாள் இருந்தது நான், கை முறிந்தது எனக்கு என்று சொன்னேன். பிற்காலத்தில் பெக்கர் அம்மாவுக்குச் சொன்னதும் அதுதான். ஆமையைச் சொல்லவில்லை, தின்றது தெரிந்தால் அருவருப்பார்கள் என்று, கடற்கரையில் கிடந்த பெட்டியென்று சொல்லிவிட்டேன். சின்ன வயதில் மதிலால் விழுந்து என் மணிக்கட்டில் ஒரு வெடிப்பு இருந்தது. எக்ஸ்ரே படத்தில் அது எனக்காகச் சாட்சி சொன்னது. ஊரிலிருந்து ஒரு கடிதமும் வேண்டும் என்றார் சட்டத்தரணி. அண்ணையிடமே கேட்டேன். "எனக்கு அந்தக் கதை என்னத்துக்கடா? உனக்கு உதவுமெண்டால் நீ வைச்சிரு" என்றார். கடிதம் வந்தது. என் தம்பியைத்தான் பதினொரு நாள் வைத்திருந்தார்கள் என்று எழுதியிருந்தார். இடது கையால் எழுதிய எழுத்து, சின்னப்பிள்ளை எழுதிய மாதிரிக் கோணிக் கோணிக் கிடந்தது.

அந்தக் கடிதத்திலிருந்து ஒரு பழக்கம் தொடங்கியது. ஞாயிறு பூசை முடிய அண்ணை கடைத் தொலைபேசிக்கு வருவார், நான் எடுப்பேன். விசாக்காரர் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பது அவருடைய முடிவு. அதனால் எடுத்தவுடன் உரத்த குரலில், "தம்பி, உன்ர கை எப்பிடி?" என்று கேட்பார். நான், "பரவாயில்லை அண்ணை, குளிருக்குக் கொஞ்சம் நோகுது" என்பேன். எனக்கு விசா கிடைத்து எவ்வளவோ காலமாகிவிட்டது, ஆனாலும் கேள்வியை அவர் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அவருடைய கை எப்படி என்று நான் கேட்டதில்லை.

இவ்வளவும் அந்தச் சிவப்புக் கோட்டுக்கு முன்னால் நின்றபோது என் நெஞ்சுக்குள் ஓடியது. வாயில் வந்தது வேறு. "இது என்னுடைய தீவு" என்றேன். எலினா துள்ளாத குறை. அவளுக்கு என்ன நடந்தது, என்று கேட்டாள். ஆமையைத்தான் கேட்டாள். "சாப்பிட்டுவிட்டோம்" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், பிறகு சிரித்தாள். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட, படித்த ஒருத்தி என்னோடு நின்று சிரிப்பது எனக்குப் பிடித்திருந்தது. பெட்டி என்னவாயிற்று என்று கேட்டாள். முகாம் என்று சொன்னால் யாருடைய கை என்ற கேள்வி வரும். "குசினியில் வைத்திருந்தோம், ரேடியோ என்று நினைத்து" என்றேன். அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

கடைசி நாள் அவளுடைய உரை. நானும் பெக்கர் அம்மாவும் மண்டபத்தின் பின்பக்கம் கோப்பியோடு நின்றோம். திரையில் என் கரை பெரிதாக விரிந்தது. இந்த வீரமான ஆமை சமுத்திரத்தைக் கடந்து வந்து, கடைசிப் பதினொரு நாளையும் எங்கே கழித்தாள் தெரியுமா, என்று கேட்டு நிறுத்தினாள். பிறகு, "ஒரு குசினியில்!" என்றாள். கேள்விக்குறி இருந்த இடத்தில் ஒரு கறிச்சட்டிப் படம் வந்தது. மண்டபம் முழுக்கச் சிரித்தது. அந்தத் தீவின் நண்பர் இதோ பின்னால் நிற்கிறார் என்று கையைக் காட்டினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். பெக்கர் அம்மாவும் தட்டினார். நான் தலையை ஆட்டிச் சிரித்தேன். என் அண்ணையின் கையை முறித்த அறையின் மேல் கறிச்சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. அதை அங்கே வைத்தது நான். வெட்கம் என்று ஒரு சொல் தமிழில் இருக்கிறது. அது எனக்குக் காணாது.

எல்லோரும் எழுந்து போனபின் எலினா நன்றி சொல்ல வந்தாள். கட்டுரையில் போட ஒரு பெயர் வேண்டும் என்றாள். அண்ணையின் பெயரைச் சொன்னேன். எழுத்துக்கூட்டி எழுதினாள்.

"அது குசினி அல்ல" என்றேன்.

"குசினி இல்லையா? சந்தையா?" பேனையோடு காத்து நின்றாள். அவளுக்கு உண்மையிலேயே அறிய விருப்பம். நான் பக்கத்தில் பார்த்தேன். பெக்கர் அம்மா வெறும் பானையைத் தூக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, முழங்காலைத் தேய்த்தபடி எனக்காக நின்றார்.

"குசினிதான்" என்றேன்.

அந்த ஞாயிறு அண்ணைக்கு எடுத்தேன். "தம்பி, உன்ர கை எப்பிடி?" என்று வழமைபோல உரத்துக் கேட்டார். கடையில் யாரோ சீனி நிறுக்கச் சொல்வது கேட்டது.

"அண்ணை, உங்கட கை எப்பிடி?"

"விசரே உனக்கு? அவங்கள் கேட்டுக்கொண்டிருப்பாங்கள்" என்றார்.

"கேக்கட்டும். உங்கட கை எப்பிடி?"

மெல்லிய குரலில், "வலை இழுப்பன், இடக்கையைக் குடுத்து. துடுப்பும் பிடிப்பன். எழுதத்தான் ஏலாது" என்றார். உடனே குரலை உயர்த்திக்கொண்டார். "சரி, உன்ர கையைச் சொல்லு. நல்லா நோகுதெண்டு சொல்லு."

"ஓம் அண்ணை, நோகுது" என்றேன்.

பெக்கர் அம்மா சுற்றிவிட்ட பட்டியோடு வலது கை மடியில் கிடந்தது. தொலைபேசியை இடது கையால் பிடித்திருந்தேன். அறையில் என்னைப் பார்க்க ஒருவரும் இல்லை.