மணி அடிக்காத வியாழன்

ஏசம்மாளுக்குக் கோபம் வந்தால் ராஜபாளையம் மாதா கோயில் தெருவில் நாய்கூடக் குரைக்காது என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் எல்லாம் அவளிடம் ஒரு தடவையாவது வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். பருத்தி அரவை மில்லில் பஞ்சு பொறுக்குகிற வேலை அவளுக்கு. புருஷன் சிலோனுக்குப் போனவன் போனவன்தான். மிச்சமிருந்தது ஒரே மகன், இருதயம். அந்தப் பிள்ளையைப் பற்றி யாராவது வாய் தவறி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அந்தத் தெருவில் வேறு யாருக்கும் பேச இடம் கிடைக்காது.

இருதயம் பேச ஆரம்பித்ததே ஐந்து வயதில். பத்து வரைக்கும் எண்ண வராது. நேற்றும் நாளையும் அவனுக்கு ஒன்றுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துப் பக்கம் ஒரு வைத்தியர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவர் தலைக்கு ஓர் எண்ணெய் கொடுத்தார். முடி நன்றாக வளர்ந்தது, வேறொன்றும் வளரவில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒரு வருஷம் வைத்துப் பார்த்துவிட்டு, "இவனுக்குப் படிப்பு ஏறாதும்மா, வீட்லயே வச்சுக்கோ" என்று அனுப்பிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் குற்றம் இருக்கிறதே! படிப்பு ஏறாத பிள்ளைக்கு வேறு என்னதான் ஏறும் என்று ஒரு நாளாவது உட்கார்ந்து யோசித்திருக்கலாம் அல்லவா? அந்த யோசனையும் ஏசம்மாள் தலையில்தான் விழுந்தது.

வேட்டி கட்டப் பழக்குவதற்குள் இரண்டு மழைக்காலம் போயிற்று. அடுப்புப் பற்றவைக்க, பாத்திரம் கழுவ, கிணற்றில் தண்ணீர் இறைக்க என்று ஒவ்வொன்றுக்கும் அவள் தொண்டை காய்ந்தது. சில நாள் அடித்தாள், அடித்த கையோடு அழுதாள். செய்யக் கற்றுக்கொண்ட வேலையை இருதயம் யாரையும்விடச் சுத்தமாகச் செய்தான். எப்போது தொடங்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. ஒரு தரம் தண்ணீர் இறைக்கச் சொல்லிவிட்டு அவள் கடைக்குப் போய்வருவதற்குள் தெருவே சேறாகிவிட்டது.

அப்போதுதான் அவளுக்குக் கோயில் மணி ஞாபகம் வந்தது. விடியற்காலை, உச்சிப்பொழுது, அந்தி என்று மூன்று வேளையும் தவறாமல் அடிக்கிற மணி. "மணி அடிச்சா எந்திரி. மணி அடிச்சா கஞ்சியக் குடி. மணி அடிச்சா வேலய முடிச்சிட்டு வீட்டுக்கு வா." பிள்ளை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அவனுக்குப் பொழுது என்று ஒன்று உண்டானதே அந்த மணியால்தான்.

இருபது வயது தாண்டியதும் சீனிச்சாமி ராஜாவின் வண்டிப்பேட்டையில் அவனுக்கு ஒரு வேலை கிடைத்தது. தளவாய்புரத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் பருத்தி ஏற்றிவருகிற வண்டிகளை அங்கேதான் அவிழ்த்துப் போடுவார்கள். மாடுகள் குடிக்கிற கல்தொட்டியை மூன்று வேளையும் நிரப்ப வேண்டும். மணி அடித்தால் இறைக்க வேண்டும், மணி நின்றால் நிறுத்த வேண்டும், அதற்குள் தொட்டியும் நிறைந்துவிடும். இருதயம் ஒரு நாள் தவறவில்லை. ஏசம்மாள் மில்லில் எல்லோரிடமும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்.

ஆனால் பஞ்சுத் தூசி அவள் நெஞ்சில் ஏறியிருந்தது. இருமல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. வன்னியம்பட்டியில் விவசாயம் பார்க்கிற தம்பி சின்னத்துரை வரும்போதெல்லாம் அதையே பேசினான்.

"ஒனக்குப் பொறவு இவன யாருக்கா பாக்கது? எங்கிட்ட விட்டுரு. தொழுவுல ஆடு மாட்டோட அதுபாட்டுக்கு ஒரு ஓரமாக் கெடக்கும்."

கெட்டவன் இல்லை சின்னத்துரை. சோறு போடுவான், அடிக்கமாட்டான். ஆனாலும் ஆடு மாட்டோடு கிடக்கும் என்றானே, அதை மட்டும் ஏசம்மாள் பொறுப்பதாக இல்லை. கடைசியில் இரண்டு பேரும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் வரைக்கும் இருதயம் பேட்டையில் நிலைத்து நின்றுவிட்டால் சின்னத்துரை வாயைத் திறப்பதில்லை. இல்லையென்றால் திருநாளன்று வண்டியோடு வந்து கூட்டிப்போவான். "நிப்பான்லே, பாத்துக்கிட்டே இரு" என்று ஏசம்மாள் சவடாலாகச் சொல்லி அனுப்பினாள்.

பெரிய வியாழன் வந்தது. அன்று காலைப் பூசையில் ஓர் இடத்தில் கோயில் மணியை விடாமல் அடிப்பார்கள். அதோடு சரி. ஆண்டவர் பாடுபடுகிற நாட்கள் என்பதால் சனிக்கிழமைப் பூசை வரைக்கும் மணிக்கு வாய் கிடையாது. மணி அடிக்க வேண்டிய நேரத்தில் கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் உள்ளே மரக்கட்டையைத் தட்டுவார். ஏசம்மாள் பிறந்ததிலிருந்து பார்க்கிற வழக்கம் இது. வருஷா வருஷம் அந்த மௌனத்தில் முழங்கால் போட்டுக் கண்ணீர் விடுகிறவள். ஆனால் அந்த மௌனத்துக்கும் தன் பிள்ளைக்கும் ஒரு தொடுப்பு உண்டு என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவன் பேட்டைக்குப் போனபின் வருகிற முதல் பெரிய வியாழன் அது. அதற்கு முன்பெல்லாம் இந்த நாட்களில் அவன் அவள் பக்கத்திலேயே இருந்தான், அவள் சொல்லச் சொல்லச் செய்தான். மணியோடு மணியாய் வாழ்கிற வேதக்காரர்களுக்குத்தான் இப்படி ஒரு மறதி வரும்.

காலையில் மணி நிற்காமல் அடித்தது. பேட்டையில் இருதயமும் நிற்காமல் இறைத்தான். தொட்டி வழிந்து வண்டிக்காரர்கள் பாயெல்லாம் நனைந்தது. அதற்குத் திட்டு வாங்கினான். உச்சிப்பொழுதில் பங்குனி வெயில் கொளுத்தியது. பருத்தி வண்டிகள் வரிசையாக வந்து நின்றன, தொட்டி வறண்டது. இருதயம் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு கோயில் இருக்கிற திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"ஏலே, தண்ணி எறைலே. மாடு நாக்கத் தள்ளுதுல்ல."

"மணி அடிக்கல."

கேட்ட வண்டிக்காரன் பிடரியில் ஒன்று போட்டான். அதற்கும் "மணி அடிக்கல" என்றான். ஒரு காளை மயங்கி முட்டி போட்டுவிட்டது. வண்டிக்காரர்களே வாளியைப் பிடுங்கி இறைத்துக்கொண்டார்கள்.

கோயிலில் இருந்த ஏசம்மாளுக்குச் சாயங்காலம்தான் சேதி வந்தது. ஓடினாள். மகன் கிணற்றடியில் அழுது வீங்கிய முகத்தோடு இருந்தான். பக்கத்தில் அவள் காலையில் கொடுத்தனுப்பிய தூக்குச்சட்டி. திறந்து பார்த்தாள். கஞ்சி அப்படியே இருந்தது.

"பசிக்கலையாய்யா?"

"பசிச்சிச்சு."

"பொறவு ஏன் குடிக்கல?"

"மணி அடிக்கலம்மா."

ஏசம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாட்டுத் தாகத்தை விடுங்கள். தன் வயிறு கூப்பிடுவதைக்கூடக் கேட்காத அளவுக்கு அவள் பிள்ளையைப் பழக்கியிருக்கிறாள். எழுந்திரு, குடி, இறை, நிறுத்து என்று இத்தனை வருஷமாக அவன் காதில் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த இன்னொரு மணி அவள்தானே? அந்த மணியும் ஒரு நாள் நிற்கத்தான் போகிறது. அதற்குப் பிறகு மறுபடி அடிக்க ஒரு சனிக்கிழமை கிடையாது.

சீனிச்சாமி ராஜா வந்து நின்றார். "ஏசம்மா, நல்ல பையன்தான், நான் இல்லேங்கல. ஆனா மாடு செத்தா நான் பதில் சொல்ல முடியுமா? நாளைக்கு ஒரு நாள் பாக்கேன். நாளைக்கும் இப்படித்தான்னா கூட்டிட்டுப் போயிரு."

மறுநாள் பெரிய வெள்ளி. தெருச் சனமெல்லாம் சிலுவையை முத்தமிடக் கோயிலுக்குப் போனபோது ஏசம்மாள் மகனோடு பேட்டைக்குப் போனாள். ஊர் என்ன சொல்லும் என்று அவள் யோசிக்கவில்லை. ஆண்டவருக்குத் தெரியும் என்று விட்டுவிட்டாள்.

வெயில் ஏறியதும் மகன் கையைப் பிடித்து ஒரு மாட்டின் வாயில் வைத்தாள். "காஞ்சிருக்கா?"

"காஞ்சிருக்கு."

அந்தக் கையையே தொட்டியின் அடியில் வைத்தாள். "இது?"

"இதுவும் காஞ்சிருக்கு."

"காஞ்சிருந்தா ஊத்து. ஈரமா இருந்தா விட்டுரு. மணி வேண்டாம். நானும் சொல்லமாட்டேன்."

சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டாளே தவிர, வாயை மூடிக்கொண்டு இருப்பது அவளுக்கு லேசில் வருகிற காரியமா? முந்தானையை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். புதிதாக வண்டிகள் வந்து, தொட்டி மறுபடி வறண்டது. இருதயம் கோயில் பக்கம் பார்த்தான். பிறகு அம்மா முகத்தைப் பார்த்தான். அவள் திரும்பிக்கொண்டாள். வண்டிக்காரர்கள் சத்தம் போட்டார்கள், அவளும் சத்தம் போட்டிருப்பாள், முந்தானை தடுத்தது. செத்த நேரம் கழித்து வாளி கிணற்றுத் தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு வாளிக்கும் ஒரு தரம் போய் மாட்டு வாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான். எம்புட்டு நேரம்தான் ஆகும் இப்படி இறைத்தால்! வண்டிக்காரர்கள் சிரித்தார்கள்.

"ஏமிரா, மணி அடிச்சிருச்சா?" என்று சீனிச்சாமி ராஜா தன் வீட்டுத் தெலுங்கு கலந்து கேலியாகக் கேட்டார்.

"இல்ல. காஞ்சிருக்கு" என்றான் இருதயம்.

ஞாயிற்றுக்கிழமை, திருநாள் சாப்பாட்டு நேரத்துக்குச் சின்னத்துரை வண்டியோடு வந்துவிட்டான். ஏசம்மாள் எதையும் மறைக்கவில்லை. வியாழக்கிழமை நடந்ததையும் சொன்னாள், வெள்ளிக்கிழமை நடந்ததையும், ராஜா அவனை நிறுத்தாமல் வைத்துக்கொண்டதையும் சொன்னாள்.

"ஆக, ஒரு நா தவறிட்டான்ல? பேச்சு பேச்சுதானக்கா."

"தவறினது அவன் இல்லலே, நானு."

"சரி, நீயே சொல்லு. இருமலப் பாரு. நீ போயிட்டா, வேற ஒண்ணு புதுசா வந்தா, யாரு இவன் கையப் புடிச்சுக் காட்டுவா? மாடு சரி. மனுசர் மத்தியில எப்படி இருப்பான்?"

ஏசம்மாள் வாயைத் திறந்தாள். வந்தது இருமல்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தவளால் நிமிரவே முடியவில்லை. சின்னத்துரை "அக்கா, அக்கா" என்று பதறிக்கொண்டு நின்றான். மூலையில் கறிச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த இருதயம் இலையை விட்டு எழுந்து வந்தான். அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சாப்பிடாத கையை நீட்டி அவள் உதட்டைத் தொட்டான்.

"காஞ்சிருக்கு" என்றான்.

உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவள் வாயருகில் பிடித்தான். அவள் குடித்து முடித்ததும் மறுபடி உதட்டைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டான். இருபத்தொரு வருஷத்தில் அவள் கேட்காமல் அவன் கொண்டுவந்த முதல் தண்ணீர் அது. ஏசம்மாள் அழுதாள், மறைக்காமல் அழுதாள்.

சின்னத்துரை பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மருமகனே, மாமனுக்கும் ஒரு செம்பு தண்ணி கொண்டாய்யா" என்றான்.

இருதயம் உடனே போகவில்லை. மாமன் உதட்டிலும் விரலை வைத்துப் பார்த்தான்.

"மாமா பொய் சொல்லுதாகம்மா. ஈரமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு இலைக்குத் திரும்பிப் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் சின்னத்துரை வன்னியம்பட்டிக்குத் தனியாகத்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு போனான்.