அகலத் திரையும் ஒரு வட்ட முகமும்

மன்னார் டவுனில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு பழைய கொம்பியூட்டர். என் தொழிற்சாலை அவ்வளவுதான். கலியாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், ஆள் இறந்த முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கிற நினைவு மலர் எல்லாம் அங்கே எழுத்தாகிப் பக்கமாகி அச்சகத்துக்குப் போகும். இந்த வேலையை எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. ஒவ்வொரு பொத்தானாக அமத்திப் பார்த்துப் பழகியது. வருகிற ஆட்களிடம் அதைச் சொல்லாமல் விடமாட்டேன். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும். அந்த நிமிர்வு என்ன வேலை செய்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் பழைய மொனிட்டர் சதுரப் பெட்டி. அது ஒரு பக்கமாக மஞ்சள் அடிக்கத் தொடங்கவே, பஜாரில் உள்ள கொம்பியூட்டர் கடைக்குப் போனேன். சுவர் முழுக்க அகலத் திரைகள். எல்லாவற்றிலும் ஒரே நீலக் கடல், ஒரே நிற மீன்கள். மன்னாரில் கடல் பார்க்கக் கடைக்குப் போன ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வாய் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடையைப் பார்ப்பது முசலிப் பக்கத்து இளம்பெண் ஒருத்தி. நன்றாகத் தொழில் தெரிந்தவள்.

"அண்ணன், அந்த மீனைப் பாத்து எடுக்காதீங்க. அது எல்லாத்துலயும் வடிவாத்தான் தெரியும். உங்கட வேலைப் பக்கம் ஒண்டைப் பென் டிரைவில கொண்டுவந்து போட்டுப் பாருங்க. எழுத்துக் கூராத் தெரியுதா எண்டு பாக்கோணும்."

மேசை எவ்வளவு அகலம், எவ்வளவு தள்ளி இருந்து பார்ப்பேன் என்றெல்லாம் கேட்டாள். இருபத்துநாலு இஞ்சி காணும் என்றாள். வெளிச்சம் பட்டு மினுங்காத திரையாக, கழுத்து நோகாமல் ஏற்றி இறக்கக்கூடிய காலுள்ளதாக எடுக்கச் சொன்னாள். நான் கை காட்டியது இருபத்தேழு இஞ்சியை. அதுவும் நல்ல சாமான்தான் என்று ஒத்துக்கொண்டு, கடைசியாக ஒன்று சொன்னாள்.

"உங்கட சிபியுவை ஒருக்காக் கொண்டுவாங்க, பூட்டிப் பாத்துட்டு எடுப்பம். பழசெண்டா இந்த அகலத்துக்குப் படம் குடுக்காது. சின்னப் படத்தை ரெண்டு பக்கமும் இழுத்துத்தான் காட்டும்."

"தங்கச்சி, நான் இதுக்குள்ள கிடக்கிறது பதினைஞ்சு வருசமா" என்றேன்.

"சரி அண்ணன்" என்று பெட்டியைக் கட்டித் தந்தாள்.

மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தபோது, ஒழுங்கை முகப்பில் ஒரு கழுதை நகராமல் நின்றது. அதற்குக்கூட ஹோர்ன் அடிக்காமல் பொறுமையாக நின்றேன், அவ்வளவு சந்தோசம். பழைய வயரையே கொழுவினேன். திரை நிறையப் படம் வந்தது. எழுத்துகள் எல்லாம் குண்டு குண்டாய் உட்கார்ந்திருந்தன. கண்ணுக்குச் சுகமாயிருந்தது.

தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி, செய்தி ஓடுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "ஏனப்பா எல்லாரும் ஊதிப்போய் இருக்கினம்?"

"பெரிய திரையில எல்லாம் பெரிசாத்தான் தெரியும்."

"பெரிசு வேற, ஊதினது வேற. செய்தி வாசிக்கிற பிள்ளையின்ர வட்டத் தோட்டைப் பாருங்கோ, முட்டையைக் கிடத்தி வைச்ச மாதிரிக் கிடக்கு."

"உமக்கு இதில என்ன தெரியும்" என்றேன். அவள் வெறும் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள்.

அந்தக் கிழமையே நறுவிலிக்குளத்திலிருந்து ஒரு பெண் வந்தார். வயல் செய்கிற குடும்பம். தாய் இறந்து இரண்டு கிழமை. நினைவு மலர் அடிக்கவேண்டும். பொலித்தீன் பைக்குள் இருந்து ஒரு படத்தை எடுத்து, ஈரமில்லாத இடமாகப் பார்த்து என் மேசையில் வைத்தார்.

"அண்ணை, அம்மா கடைசி எட்டு மாசமும் நோயில கரைஞ்சு போனவ. செத்தவீட்டுக்கு வந்த சனம் பெட்டிக்குள்ள பாத்திட்டு, ஆளே இல்லையெண்டு சொல்லிச்சுதுகள். அந்த முகத்தோட அவவை ஒருத்தரும் நினைக்கக்கூடாது. இது என்ர கலியாணத்தண்டு எடுத்தது. இந்த முகம்தான் சனத்திட்டப் போகவேணும்."

நல்ல வட்ட முகம். இரண்டு கன்னமும் நிரம்பி, பெரிய பொட்டு வைத்து, ஏதோ சொல்ல வாயெடுத்த நேரத்தில் பிடித்த படம். "அம்மாவைப் பாத்தால் சாப்பிட்ட மாதிரி இருக்கும் எண்டு ஊரில சொல்லுவினம்" என்றார் மகள். ஆட்கள் வாயில் வருகிற இப்படிப்பட்ட கதைகளை நான் விடுவதில்லை. உடனே கடுதாசி ஓரத்தில் குறித்துக்கொண்டேன். பிறகு வாழ்க்கைக் குறிப்பின் முதல் வரியாகவே அதைப் போட்டேன்.

படத்தை ஸ்கேன் பண்ணித் திரையில் விட்டால், அந்த முகம் பக்கவாட்டில் பூசணிக்காய் மாதிரிப் பரந்து கிடந்தது. ஸ்கேனர் கோளாறு என்று நினைத்தேன். மௌசைப் பிடித்துப் படத்தின் ஓரத்தை உள்ளே தள்ளினேன். கையில் மூலப்படத்தை வைத்துக்கொண்டு, திரையைப் பார்ப்பதும் படத்தைப் பார்ப்பதுமாக, இரண்டும் ஒன்றாகத் தெரியும் வரை தள்ளினேன். சரியாக வந்ததும் என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

எழுத்துப் பக்கங்களைக் கறுப்பில் அடித்து மகளிடம் காட்டினேன். வீட்டிலிருக்கிற பிரிண்டருக்குக் கலர் வராது. "முகப்புப் படத்தை நான் பாக்கிறன், நீங்கள் யோசியாதேங்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பைலைக் கொண்டுபோய் அச்சகத்தில் கொடுத்த பின்னேரம் அச்சகக்காரர் போன் எடுத்தார். என்னைவிட இளையவர், அமைதியான மனுசன்.

"அண்ணை, முகப்புப் படம் சரிதானே? ஒண்டைக் கலரில அடிச்சு வைக்கட்டே, வந்து பாக்கிறீங்களோ?"

"தேவையில்லைத் தம்பி. நான் பாத்துத்தான் தந்தனான். அடியும்."

புத்தகங்களை மகளே நேரே அச்சகத்திலிருந்து எடுத்துப்போனார். சடங்குக்கு முதல் நாள் பின்னேரம், கட்டுப் பிரிக்காமல். முப்பத்தோராம் நாள் மத்தியானம் எனக்கும் சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவி வந்து கதிரையில் இருக்க, தட்டத்தில் வைத்துப் புத்தகம் நீட்டினார்கள். எடுத்துப் பார்த்தேன்.

கன்னம் இல்லை. நாடி கூராகி, கண்கள் கிட்டக் கிட்ட வந்து, பொட்டுக்கூட நீண்டு போயிருந்தது. கலியாண வீட்டுச் சேலையை உடுத்திக்கொண்டு ஒரு நோயாளி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பக்கத்தில் இருந்த ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்டார். "இது என்ன, ஆஸ்பத்திரியில எடுத்த படமே?"

"கடைசியில இப்பிடித்தானே கிடந்தவ, பாவம்" என்றார் இன்னொருவர்.

நான் புத்தகத்தை விரித்தேன், முகப்புத் தெரியாமலிருக்கட்டும் என்று. உள்ளே முதல் வரியில் என் எழுத்து நின்றது: பார்த்தால் சாப்பிட்ட மாதிரி.

மகள் ஒரு புத்தகத்தோடு வந்தார். சத்தம் போடவில்லை. "அண்ணை, இது என்ன?" என்று மட்டும் கேட்டார்.

காரணம் அப்போது எனக்கும் தெரியாது. ஆனால் படத்தில் கை வைத்தவன் நான் என்று தெரியும். இருந்தும் என் வாய் சொன்னது: "அச்சில இழுபட்டுப் போச்சுப் போல, தங்கச்சி. மிசின் சில நேரம் அப்பிடித்தான்."

அவர் தலையாட்டிவிட்டுப் பந்திக்குத் திரும்பினார்.

வீட்டுக்கு வந்து கொம்பியூட்டரைப் போட்டேன். திரையில் அந்த அம்மா வட்டமாகவே இருந்தார். கையிலிருந்த புத்தகத்தில் மெலிந்திருந்தார். மனைவி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். குசினிக்குப் போய்ப் பால்மா ரின்னின் வட்ட மூடியைக் கொண்டுவந்தாள்.

"ஒரு வட்டம் கீறிப்போட்டு இதைப் பிடிச்சுப் பாருங்கோ."

கீறினேன். மூடியைத் திரையில் பிடித்தேன். வட்டம் மூடியின் இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றது.

"தோடு" என்றாள்.

மறுநாள் சிபியுவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். அந்தப் பிள்ளை உள்ளே ஒரு சின்னக் கிராபிக்ஸ் காட் பூட்டி, வேறு வயர் கொழுவி, அளவைத் திருத்தினாள். எழுத்துகள் சுருங்கிக் கூராகின. நான் திருத்திய முகம் திரையிலும் மெலிந்தது. அண்டைக்கே சொன்னேனே என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாயிருந்திருக்கும். "மொனிட்டர் நல்ல சாமான்தான் அண்ணன்" என்றாள்.

படத்தைச் சரியான அளவில் பெரிதாக அடித்துச் சட்டம் போட்டுக்கொண்டு நறுவிலிக்குளத்துக்குப் போனேன். மகளிடம் கடைப்பிள்ளை சொன்னது, மனைவி சொன்னது, போனில் நான் அச்சகக்காரருக்குச் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சட்டத்திலிருந்த முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப அச்சகத்து அண்ணையில பிழையில்லையோ?"

"இல்லை, தங்கச்சி."

"நான் போன் எடுத்து நல்லா ஏசிப்போட்டன். அந்த மனுசன் ஒண்டுமே சொல்லேல்லை." சட்டத்தை மடியில் வைத்தார். "முதல்ல அவரிட்டப் போங்கோ அண்ணை."

அச்சகக்காரர் நான் சொல்லி முடிக்குமட்டும் கடுதாசி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"படம் இழுபட்டுக் கிடந்ததைக் கண்டனான். அதுதான் அண்டைக்குக் கேட்டனான்."

"ஏச்சு வாங்கேக்க ஏன் தம்பி அந்தப் பிள்ளைக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு இருந்தனான்."

கதிரையை இழுத்துப் போட்டார். எனக்கு இருக்க மனம் வரவில்லை. அவரேதான் முகப்பை மட்டும் திரும்ப அடித்து, பழையதுக்கு மேல் ஒட்டலாம் என்று வழி சொன்னார்.

புது முகப்புகளும் பசைப்போத்தலுமாக வீடு வீடாகப் போனேன். முதல் நாலைந்து வீட்டில் "கொம்பியூட்டர் பிழை" என்றேன். அப்படிச் சொல்லச் சொல்ல அந்த அச்சகக்காரரின் முகம் வந்து நின்றது. பிறகு "என்ர பிழை" என்றேன். ஆஸ்பத்திரிப் படமா என்று கேட்ட ஆச்சி, நான் ஒட்டி முடிக்குமட்டும் பக்கத்திலேயே குந்தியிருந்தார்.

"அப்ப அவவை மெலிய வைச்ச ஆள் நீரோ?"

"ஓம், ஆச்சி."

"நோய்க்கே எட்டு மாசம் எடுத்தது. நீர் கெட்டிக்காரன்."

பசை ஒட்டிய கையால், தலை நிமிராமல் புத்தகத்தை நீட்டினேன். ஆச்சி புத்தகத்தை வாங்கி, புது முகத்தைத் தடவிப் பார்த்து, அலுமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் வெளியே தெரியும்படி வைத்தார்.

எல்லாப் புத்தகத்தையும் என்னால் பிடிக்க முடியவில்லை. ஒன்று அன்றைக்கு வந்திருந்த உறவுக்காரர் ஒருவரோடு கனடாவுக்குப் போய்விட்டதாம். அங்கே யாரோ ஒருவரின் வீட்டில் அந்த அம்மா இன்னும் மெலிந்தபடிதான் இருப்பார்.