டப்பாவுக்கு அடியில் போன சீட்டு

கடலாருக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் நனைந்தாலே பின்வாங்குகிற ஆள். ஆனாலும் இருபது வருடங்களுக்கு மேலாக ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நாலைந்து பேரைக் கடலுக்கு அடியில் கூட்டிப்போய், பாதிப் பேரையாவது உயிரோடு திருப்பிக் கொண்டுவந்தவர் அவர். பெயர் வந்தது அப்படித்தான். மற்ற ஆறு நாளும் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பார்.

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற கதை விளையாட்டு அது. ஆளுக்கொரு வேடம்: வாள்வீரன், மந்திரவாதி, திருடன் என்று. நடத்துகிறவர் உலகத்தைச் சொல்வார். ஆடுகிறவர்கள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். காட்டையும் குகையையும் யார் வேண்டுமானாலும் நடத்திவிடுவார்கள். தண்ணீருக்கடியில் நடத்துவதுதான் கஷ்டம், ஏனென்றால் எதிரி தலைக்கு மேலேயும் வருவான், காலுக்குக் கீழேயும் வருவான். கடலார் கடையில் மிஞ்சிய மூக்குக்கண்ணாடி டப்பாக்களை அடுக்கி அதன்மேல் பொம்மைகளை நிறுத்துவார். ஒரு டப்பா பத்தடி. உயரமான அடுக்கில் இருப்பவன் மேலே நீந்துகிறான், வெறும் மேசையில் இருப்பவன் தரையைத் தொட்டுவிட்டான். விளக்குக்கு முன்னால் பச்சை லென்ஸ் ஒன்றைத் தொங்கவிடுவார். அவ்வளவுதான், அறைக்குள் கடல் வந்துவிடும்.

இவ்வளவு மெனக்கெட்டவர் ஒரு சட்டமும் வைத்திருந்தார். தண்ணீருக்குள் பேச முடியாது. ஆகவே மேசையிலும் வாய் திறக்கக் கூடாது. செய்ய நினைப்பதைச் சீட்டில் எழுதி அவர் பக்கம் தள்ள வேண்டும். ஆறு வரை எண்ணுவார். அதற்குள் சீட்டு வரவில்லையென்றால் அந்த ஆள் சும்மா நின்றதாகக் கணக்கு. இந்தச் சட்டத்தில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

மேசையில் அவருக்கு மிக நெருக்கமானவர் பூட்டுக்காரர். இரண்டு தெரு தள்ளிச் சாவிக் கடை. பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. விளையாட்டில் பூட்டு எதையும் தொடமாட்டார். "வாரம் பூரா அதான் செய்யிறேன், இங்கயுமா?" என்பார். அவருடைய வேடம், கூட இருப்பவரைக் கைவிடுவதில்லை என்று சத்தியம் செய்த வாள்வீரன். ஒன்பது வருடமாக அதே ஆள், அதே சத்தியம்.

ஒரு ஞாயிறு கடலாரின் மனைவி முதல்முறையாக ஆட உட்கார்ந்தார். பூட்டுக்காரர் அவரைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். முழுகிப்போன அரண்மனைக்குள் எல்லோரும் இருந்தபோது அவருடைய காற்றுக்குப்பி உடைந்தது. அது இல்லாமல் அங்கே மூச்சு இல்லை. பூட்டுக்காரர் ஏதோ எழுதித் தள்ளினார். கடலாரோ அப்போது அரண்மனைக் கூரை இடிவதை வர்ணிப்பதில் லயித்துப்போய், டப்பாக்களை எடுத்து எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு ஆறு எண்ணினார். மனைவியின் வேடம் மூழ்கிச் செத்தது.

"நான் சீட்டு கொடுத்தேனே" என்றார் பூட்டுக்காரர்.

"என் கைக்கு வரலையே."

"கொடுத்தேன்னு சொல்றேன்ல?"

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்ப்பா. நீ சும்மா நின்னே."

பஸ் கண்டக்டர் ஒருவரும் மேசையில் உண்டு, வாய்த்துடுக்கு ஜாஸ்தி. "பெரிய சத்தியம் பண்ணினீங்க, தங்கச்சி சாகுறப்ப சும்மா நின்னுட்டீங்களேண்ணே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கடலாரும் சிரித்தார். பூட்டுக்காரர் தன் பகடைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அன்று சாயங்காலமே கடலார் மேசையை ஒழித்தபோது, கூரைக்காக வைத்த டப்பாவுக்கு அடியில் சீட்டு கிடைத்தது. "என் குப்பியைத் தங்கச்சிக்குக் கொடுக்கிறேன்."

அப்போதே செருப்பை மாட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஐந்து நிமிட நடை. மனுஷனுக்குக் கௌரவம் இடித்தது. அடுத்த ஞாயிறு வருவான், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று சீட்டைப் பகடைப் பெட்டியின் அடியில் வைத்தார். பூட்டுக்காரர் வரவில்லை. சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடப் போட அது கனத்துக்கொண்டே போனது. "ஏங்க, அண்ணன் ஏன் வர்றதில்ல?" என்று மனைவி கேட்டபோது, "அவனுக்கு ரோஷம்" என்றார். கண்டக்டர் மட்டும் அந்தக் கேலியை விடவில்லை. ஒருநாள் பஸ்ஸில், "சும்மா நின்னவரே, உள்ள போங்க" என்று பூட்டுக்காரரைக் கூப்பிட்டது கடலாரின் காதில் விழுந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதினோரு வருடம் ஓடிவிட்டது. வீட்டுச் சாவி தொலைந்தால் கடலார் மாற்றுச்சாவிக்குப் போகமாட்டார், பூட்டையே மாற்றிவிடுவார். இப்படி மூன்று பூட்டு.

போன வாரம் அலமாரியைச் சுத்தம் செய்த மனைவி சீட்டோடு வந்து நின்றார். "இது எனக்குக் கொடுத்ததா?"

கடலார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"தெரிஞ்சேதான் இருந்தீங்களா? இத்தனை வருஷமும்?" கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மனைவி மெதுவாகத்தான் கேட்டார். "போய்ட்டு வாங்க. இன்னிக்கே."

கடையில் பூட்டுக்காரர் தனியாகத்தான் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கடலார் வீட்டுச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். பூட்டுக்காரர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"மூணாவது பூட்டா? பூட்டு வித்தவன் சொன்னான்."

கடலார் தலையாட்டினார். பிறகு சீட்டை எடுத்து வைத்தார். பூட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டப்பாவுக்கு அடியில இருந்துச்சு" என்றார் கடலார். "அன்னிக்கே கிடைச்சிருச்சு."

"தெரியும். நீ டப்பாவை அதுமேல வெச்சப்ப பார்த்துட்டுதான் இருந்தேன்."

"அப்ப ஏன் எடுத்துக் காட்டல?"

"கொடுத்தேன்னு சொன்னேனே. ஊரே தன் வீட்டுச் சாவியை என்னை நம்பிக் கொடுத்துட்டுப் போகுது. நீ என் வாய்ச்சொல்லை நம்புவேன்னு நினைச்சேன்." சாவியைப் பிடியில் மாட்டி, சாவி வெட்டும் இயந்திரத்தை ஓடவிட்டார். சத்தம் அடங்கியதும் தொடர்ந்தார். "எப்படியும் மேசையை ஒழிக்கிறப்ப கிடைக்கும், நீ வருவேன்னு நாலு ஞாயிறு கடையைத் திறந்துவெச்சு உட்கார்ந்திருந்தேன்."

கடலாருக்குக் கண் கலங்கிவிட்டது. "தப்புதான்டா. பெரிய தப்பு. இந்த ஞாயிறு வா. நீ சும்மா நிக்கலன்னு எல்லார் முன்னாடியும் நானே சொல்றேன்."

பூட்டுக்காரர் புதுச் சாவியின் பிசிறைத் துடைத்து, பழையதோடு சேர்த்து நீட்டினார்.

"எந்த எல்லார் முன்னாடி? கண்டக்டர் போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷமாச்சு. ஆஸ்பத்திரியில பார்க்கப் போனேன். மூச்சு வாங்குது, அப்பவும் சிரிச்சுக்கிட்டே, 'வாங்க, சும்மா நின்னவரே'ன்னான்."

சீட்டை நாலாக மடித்துக் கடலாரின் சட்டைப் பையில் அவரே வைத்தார்.

"தங்கச்சிகிட்ட கொடுத்துடு. அவளுக்கு எழுதினது."