மெழுகு உறையும் சத்தம்

காஞ்சன்பாக்கில் ஓர் அரசு ஆய்வகத்தில் எனக்கு வேலை. சனிக்கிழமைகளில் பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குப் போய் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் சொல்லிக்கொடுப்பேன். அவர்களுக்காகச் சூட்டை ஒலியாக மாற்றும் ஒரு பெட்டி செய்திருந்தேன். அதன் கம்பி முனையை உருகிய மெழுகுக்குள் வைத்தால் பெட்டி கூவும். மெழுகு ஆற ஆறச் சுருதி இறங்கும். உறையும்போது இறங்காமல் அப்படியே நிற்கும். முழுக்க உறைந்தபின் மறுபடி இறங்கும்.

முதன்முதலில் அதைக் கவனித்தவள் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்து வரும் தமிழ்ப் பெண். “நின்னுடுச்சு சார்! இறங்கவே மாட்டேங்குது, கைக்கு?” என்று பெஞ்சைத் தட்டினாள். ஏன் என்று கேட்க அவளுக்கு எப்போதும் அந்த ஊர் உருதுவின் ‘கைக்கு’தான். அதுவரை, உறையும்போது சூடு இறங்காது என்ற பாடத்தை அவர்கள் வெறும் மனப்பாடமாகவே வைத்திருந்தார்கள்.

பள்ளிக்கு நன்கொடை தருகிறவர்கள் வரும் நாளில் என் மேலதிகாரியையும் அழைத்தேன். பள்ளியின் நன்மைக்காக என்று அப்போது சொல்லிக்கொண்டேன். உண்மையில், என் பெட்டியை அவர் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான்.

அன்று காலை பெட்டியைத் திறந்தால், உள்ளே கம்பி அறுந்திருந்தது. பற்றவைக்க நேரமில்லை. முந்தைய வாரத்து ஒலி என் லேப்டாப்பில் பதிவாகியிருந்தது. ஏற்கெனவே மெழுகு உறைந்து கிடந்த கண்ணாடிக் குழாயை மேஜையில் நிறுத்தி, பெட்டிக்குப் பின்னால் லேப்டாப்பை வைத்தேன். வந்தவர்கள் தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளுக்கோ கண் தெரியாது. இதை எழுதவே கூசுகிறது. ஆனால் அன்று அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

அவளை முன்னால் நிறுத்தினேன். “குழாயைத் தொட்டுப் பார்க்கட்டுமா சார்?” என்றாள்.

“வேணாம்மா, சுடும்.”

ஒலி இறங்கியது, நின்றது. அவள் சற்றுத் தாமதித்து, “இப்ப உறையுது” என்றாள். கைதட்டினார்கள். மேலதிகாரி என் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்.

எல்லோரும் டீ குடிக்கப் போனபின் அவள் வராந்தாவில் எனக்காக நின்றிருந்தாள்.

“சார், அது போன வாரத்துச் சத்தம்தானே?”

நான் லேப்டாப் பையைத் தோளில் மாற்றிப் போட்டேன்.

“போன வாரம் என் கை கம்பியில இடிச்சுது. சத்தம் ஒரு தடவை துள்ளுச்சு. இன்னிக்கும் அதே இடத்துல துள்ளுச்சு.”

“கம்பி அறுந்துபோச்சும்மா. வந்தவங்க முன்னாடி…”

“எங்ககிட்ட சொல்லிருக்கலாமே சார்.” அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். “நானே கண்டுபிடிச்சேன்னு வீட்ல சொல்லி வச்சிருக்கேன். அதுவாவது நெஜமா?”

“நெஜம்மா. சத்தியமா நெஜம்.”

“ஹவ்,” என்றாள். சரி என்று அதற்குப் பொருள். நம்பினேன் என்று அவள் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை கம்பியைச் சரிசெய்து எடுத்துப் போனேன். வகுப்பு முழுவதற்கும் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். யாரோ சிரித்தார்கள், யாரோ “பரவால்ல சார்” என்றார்கள். அவள் மட்டும் ஒலி தொடங்கும் முன் குழாயின் அருகே விரலைக் கொண்டுபோய்ச் சூட்டை உணர்ந்தாள். பிறகு என் பையைத் தரச் சொல்லி, லேப்டாப் உள்ளேதான் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். மற்றவர்களும் அதைக் கற்றுக்கொண்டார்கள். இப்போது எந்தச் சோதனை செய்தாலும் முதலில் என்னைத்தான் சோதிக்கிறார்கள். அறிவியலுக்கு அது நல்ல பழக்கம் என்று தலைமையாசிரியை பாராட்டினார். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவரிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது.

மேலதிகாரியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. அந்தப் படம் அலுவலக நோட்டீஸ் போர்டில் இருக்கிறது. போன மாதம் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் அதைக் காட்டி என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசினார். நான் பக்கத்தில் நின்று, கைகுலுக்க நீண்ட கைகளை எல்லாம் குலுக்கினேன்.